திருமுருகாற்றுப்படை ஏன் தொலையவில்லை?



மதம்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா மனுஷன் இன்னும் எவ்வளவோ முன்னேறியிருப்பான்னு ஆபீஸ்ல ஒரு குரூப் அடிக்கடி சொல்லும். உடனே நம்ம ஆட்கள் "அணுவைப் பத்தி எல்லாம் அப்பவே சொல்லிட்டாங்க"ன்னு கிளம்பிடுவாங்க. எனக்கு ரெண்டுமே ஒட்டவில்லை. நம்ம முருகன் பாட்டு ஒன்றை வைத்தே இதை யோசித்துப் பார்க்கலாம்.

நக்கீரரின் திருமுருகாற்றுப்படை 317 அடிகள். பத்துப்பாட்டில் இதுதான் முதல் பாட்டு. சைவர்களின் பதினோராம் திருமுறையிலும் இதே பாட்டு இருக்கிறது. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், ரெண்டு சர்வரில் பேக்கப்.

ஓலைச்சுவடியின் ஆயுள் கம்மி. ஈரம், பூச்சி, கரையான் எல்லாத்தையும் தாண்டிச் சில நூறு வருஷம் நின்றாலே பெரிய விஷயம். அதற்குள் யாராவது உட்கார்ந்து எழுத்தாணியால் முழுசையும் புது ஓலையில் எழுதணும். ஒரு தலைமுறை சும்மா இருந்துட்டா போச்சு, ரீஸ்டோர் பண்ண முடியாது. இவ்வளவு மெனக்கெடுறது யார்? தினமும் பாராயணம் பண்றவங்கதான். அவங்களுக்கு அது இலக்கியம் இல்லை, வேண்டுதல். அதனால் முருகாற்றுப்படை ஓலையிலும் இருந்தது, வாயிலும் இருந்தது. பத்துப்பாட்டின் மற்ற ஒன்பதுக்கும் அப்படி ஒரு கூட்டம் இல்லை. படிக்க ஆளில்லாமல் அவை கட்டுக்குள்ளேயே கிடந்தன.

இதோடு நிறுத்தினால் நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர், தன் இலக்கணக் கொத்தில், பத்துப்பாட்டு, எட்டுத்தொகை மாதிரியான நூல்களைப் படித்து வாழ்நாளை வீணாக்குகிறார்களே என்று கடிந்துகொள்கிறார். பெரிய இலக்கண அறிஞர் அவர். அவர் தள்ளிவிட்ட பத்துப்பாட்டுக்குள்தான் நம்ம முருகாற்றுப்படையும் இருக்கு! எது நம்முடையது என்று பக்தி முடிவு பண்ணும்போது, எதைத் தொட வேண்டாம் என்பதையும் சேர்த்தே முடிவு பண்ணிவிடுகிறது. என் ஆபீஸ் நண்பர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

அதே திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர்தான் உ.வே.சாமிநாதையர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர், வயசு 25 (நம்மில் பலரை விடச் சின்னவர்). அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்கினார். அவர் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை. அது சமண காப்பியம், மடத்துப் பாடத்தில் கிடையாது.

கையில் கிடைத்த பிரதியைப் படித்தால் பல இடம் பிடிபடவில்லை. சமண நெறி தெரிந்தால்தான் அந்தக் கதை திறக்கும். சைவ மடத்தில் வளர்ந்த பிராமண ஆசிரியர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். அங்கே சிந்தாமணி பாராயண நூல்! உலகம் மறந்த காப்பியத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு படித்துக்கொண்டிருந்தார்கள். வேறு மதத்துக்காரர் கேட்டபோது அவர்கள் மறைக்கவும் இல்லை. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது.

எனக்கு இதில் பிடித்தது, யாரும் தன் சாமியை விட்டுக்கொடுக்கவில்லை என்பது. சாமிநாதையர் கடைசிவரை சைவர்தான். ஒரு சொல்லைக்கூட விடாமல் பார்க்கும் பொறுமையை மடத்துப் பாடம் அவருக்குக் கொடுத்தது. சமணர் வீட்டில் சிந்தாமணியை உயிரோடு வைத்திருந்தது அவர்களுடைய பக்தி. அறிவு வளர்ந்தது இந்த ரெண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தபோதுதான். தனித்தனியாக இருந்த காலம் முழுக்க, ரெண்டு பக்கமும் பாதிதான் தெரிந்தது.

சிந்தாமணிக்கு அடுத்து அவர் எடுத்தது பத்துப்பாட்டு. 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்தும் ஒரே புத்தகமாக வந்தது. முதல் பக்கங்களில் திருமுருகாற்றுப்படை. அதுக்குப் பின்னாலேயே, பாராயணம் பண்ண யாரும் இல்லாத அந்த ஒன்பது பாட்டும்.

முருகா சரணம்.