ஆராய்ச்சி மணியும் ஆளுந் தகுதியும்

திருச்சிற்றம்பலம்



2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. வளைகுடா நாடுகளில் தொழில் செய்யும் எம்மவர்க்கு இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. வாக்கு இல்லாவிட்டாலும் வாக்குவாதத்துக்குக் குறைவிருக்கவில்லை. கூட்டுப் பிரார்த்தனை முடிந்து பிரசாதம் வழங்கும் வேளையிலும் அதே பேச்சுத்தான். படித்தவர் வரவேண்டும் என்றார் ஒருவர். துணிந்தவர் வரவேண்டும் என்றார் மற்றவர். அப்பொழுது, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையொன்று எம்மைப் பார்த்து, "மாமா, ஒரு நாட்டை ஆளத் தகுதியானவர் என்று எதை வைத்துச் சொல்லுறது?" என்று கேட்டது. அன்று எமக்குப் பதில் வரவில்லை. எம்பெருமான் திருவருளை முன்னிட்டு இன்று சொல்ல முயல்கின்றோம்.

மனுநீதிச் சோழன் கதையைக் கேளாத சைவப் பிள்ளை இல்லை. சேக்கிழார் பெருமான் அடியார் வரலாறுகளைச் சொல்லத் தொடங்குமுன்னரே, திருவாரூரின் சிறப்பைக் கூறுமிடத்தில் இக்கதையை வைத்துள்ளார். அரசகுமாரன் தேரில் செல்கையில் இளங்கன்று ஒன்று ஓடிவந்து சில்லில் அகப்பட்டு இறக்கின்றது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. பிராயச்சித்தம் செய்தாற் போதும் என்கின்றனர் அமைச்சர்கள். மன்னன் உடன்படவில்லை. தன் ஒரே மைந்தன்மீதும் அதே தேரைச் செலுத்துகின்றான். இறைவன் காட்சி கொடுத்து, இறந்தோரை எழுப்பியருளுகின்றார்.

மகனைக் கொன்றதா தகுதி என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதுவன்று. தகுதி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. தன்மேல் குறை சொல்வதற்கென்றே ஒரு மணியை அவன் தன் வாசலில் தொங்கவிட்டிருந்தான். வாய்பேசாத பசுவுக்கும் எட்டும்படி அது தொங்கியது. மணி ஒலித்தபோது எழுந்து வெளியே வந்தான். குற்றவாளி தன் சொந்தப் பிள்ளை என்று அறிந்த பின்னும் தராசை மாற்றவில்லை.

இதே கதையைச் சிங்கள மக்கள் போற்றும் மகாவம்சமும் சொல்கின்றது. அங்கே அரசன் எல்லாளன். சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டவன். அவன் படுக்கையின் தலைமாட்டிலே மணி. அதன் கயிறோ வெளியே. ஒருமுறை அவனுடைய தேர் இடித்துத் தூபியொன்றின் 15 கற்கள் பெயர்ந்தனவாம். கீழே இறங்கித் தன்னையே தண்டிக்குமாறு வேண்டினான். அமைச்சர்கள் மறுக்கவே, 15,000 காசு செலவிட்டு அதைத் திருத்தினான். இதை எழுதியவர் ஒரு பௌத்த துறவி. எல்லாளனை வென்ற துட்டகைமுனுவையே காவிய நாயகனாகக் கொண்டவர். அப்படிப்பட்டவரின் எழுத்தாணியும் எல்லாளனின் நீதியை மறைக்கவில்லை. கட்சிக்காரன் புகழ்வது பெரிதன்று. எதிர்ப்பக்கத்தவன் தரும் சான்றிதழே தலைவனுக்குச் சான்றிதழ்.

நாம் தொழிலாற் கணக்காளர். திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அரசுக்கு வகுத்த இலக்கணம் எமது தொழிலுக்கும் பொருந்துவதைக் கண்டு வியப்பதுண்டு. பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பகிர்ந்து செலவிடுதல் என்று ஒரு வரவுசெலவுத் திட்டத்தையே அங்கு தந்துவிடுகின்றார். அதே அதிகாரத்தில், காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பையும் அரசனுக்கு வேண்டுமென்கின்றார். கணக்கும் காதும் ஒரே அதிகாரத்தில் வந்தது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. காது கேளாதவனுடைய கணக்குப் பிழைத்தே தீரும்.

இலங்கையில் நாம் கண்ணாற் கண்டதும் இதுதான். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 69 இலட்சம் வாக்குகளுக்கு மேற்பெற்று ஜனாதிபதியானார். துணிந்தவர், சொன்னதைச் செய்பவர் என்று மக்கள் நம்பினார்கள். வந்த கையோடு பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. திறைசேரியின் வருமானம் சரிந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விவசாயம் அறிந்தோர் எச்சரித்தனர், கேட்பாரில்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நேரத்தில், 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடன் கட்டப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று நாடே கைவிரித்தது.

அந்த மணியின் கயிற்றில் வளைகுடாத் தொழிலாளரின் கையும் இருந்தது. 2020இல் வெளிநாடுகளில் உழைப்போர் வங்கிமூலம் அனுப்பிய பணம் ஏறத்தாழ 710 கோடி டொலர். டொலரின் விலையை அரசு செயற்கையாகப் பிடித்து வைத்திருந்ததால் பலர் உண்டியல்காரரை நாடினர். 2021இல் அது 550 கோடியளவாகவும், 2022இல் 380 கோடியளவாகவும் இறங்கியது. வீட்டு வேலை செய்யும் சகோதரியும் வெயிலில் கட்டடம் கட்டும் தம்பியும் தம்மை அறியாமலே அடித்த மணி அது. அதுவும் உரிய காலத்திற் கேட்கப்படவில்லை. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். 13ஆம் திகதி அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2023 நவம்பரில், அவரும் சகோதரர்களும் வேறு சில அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி சொத்தன்று, ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால், மெய்யடியார்களே, கொழும்பிலே மணி ஒலிப்பதற்கு வெகுகாலம் முன்னரே வன்னியில் அது ஒலித்துக்கொண்டிருந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பாகப் படங்களை ஏந்தியபடி அமர்ந்தனர். அவர்கள் கேட்டது பணமன்று. எம் பிள்ளை எங்கே என்ற ஒரு கேள்விக்குப் பதில். பதில் அறியாமலே கண்மூடியோர் பலர். 2020 ஜனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐக்கிய நாடுகளின் பிரதிநிதியிடம் ஜனாதிபதி கூறியதாக அவரது அலுவலகமே அறிவித்தது. எப்படி, எங்கே என்று சொல்லவில்லை. திருவாரூரில் கன்றை இழந்த பசுவுக்காக மன்னன் வீதிக்கு இறங்கினான். கோயில் வாசலில் மகனை இழந்த தாய்க்கு ஒரு வரிப் பதில்தான் கிடைத்தது.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் எல்லோரும் தலையசைத்திருப்பீர்கள். இனிச் சொல்வது கடினமானது. எல்லாளனுக்கும் மனுநீதிக்கும் சோதனை வந்தது எதிரியின் குற்றத்தாலன்று; சொந்த மகனின் குற்றத்தால். நமது பக்கத்துக் குற்றத்தை நாம் எந்தத் தராசில் நிறுத்தோம்?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தனர். அம்மாதத்தில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். நாம் அப்போது பத்து வயதுப் பிள்ளை. மறுநாள் சோனகத் தெருப் பக்கம் சைக்கிளிற் போய்வந்த எமது தகப்பனார், "கதவெல்லாம் திறந்தபடி கிடக்குது" என்று மட்டும் சொல்லி, அன்றிரவு சாப்பிடாமலே படுத்தார். அயலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணமே மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. நாமும் ஒரு பையோடு நடந்தோம். அன்று தொடக்கம் அகதி. ஒன்றுக்கு மற்றது தண்டனை என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. கதவைத் திறந்தபடி விட்டுப்போவது எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் கற்றோம் என்று மட்டும் சொல்கின்றோம்.

பின்னர் டுபாய்க்கு வந்த முதல் மாதம், சம்பளம் கிடைக்கும்வரை எம்மைத் தமது அறையில் வைத்துச் சோறு போட்டவர், புத்தளத்து முகாமில் வளர்ந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம் நானா ஒருவர். அந்த ஒக்டோபரைப் பற்றி அவர் ஒருநாளும் எம்மிடம் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாமாகச் சொல்லவேண்டியதை அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தது நமது பிழை. முஸ்லிம் நாடொன்றில் 2022இல் ஜெபல் அலியிலும், 2024இல் அபுதாபியிலும் கோயிற் கதவுகள் திறந்தபோது, நாம் கைகூப்பிக்கொண்டே தலைகுனிந்தோம்.

ஆகவே, கேள்வி கேட்ட பிள்ளாய், பதில் இதுதான். மேடையில் எவ்வளவு உரத்துப் பேசுகின்றார் என்று பாராதே. அவர் வாசலில் மணி தொங்குகின்றதா, அதன் கயிறு மிக எளியவருக்கும் எட்டுகின்றதா என்று பார். கணக்குக் கேட்டவரைத் துரோகி என்கின்றாரா, கணக்கைக் காட்டுகின்றாரா என்று பார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் குடும்பத்தவர், தன் கட்சியினர், தன் இனத்தவர் தவறிழைத்தபோது என்ன செய்தார் என்று பார். இதில் தேறியவர் ஆளட்டும். எந்த இனத்தவராயினும் ஆளட்டும்.

இத்தகைய தலைவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. நம் வீடுகளிலிருந்தும் சங்கங்களிலிருந்தும்தான் வருகின்றார்கள். அடுத்த முறை நமது சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து கணக்கில் ஒரு கேள்வி கேட்டால், முகம் சுளியாமல் இருந்து பதில் சொல்வோம். கணக்கு எழுதும் எமக்கே முதலில் இந்தப் புத்திமதி. நமது வாசலிலும் ஒரு மணி தொங்க, அதன் ஓசைக்கு எழுந்திருக்கும் மனத்தை எல்லாம்வல்ல தியாகேசப் பெருமான் நமக்கருள்வாராக.

திருச்சிற்றம்பலம்