இரும்புக்கு என்ன மதிப்பு?

நமது படிப்பகத்துக்கு ஒரு செய்தி வந்தது. ஊரிலுள்ள பழைய அச்சகம் ஒன்றை மூடுகின்றனர். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சுப்பொறியும், எழுத்துப் பெட்டிகளும் விலைக்கு வருகின்றன. ஒரு வாரம் பொறுப்பர். அதற்குள் எவரும் வாங்காவிடின், பழைய இரும்புக் கடைக்காரர் உடைத்து எடைக்கு எடுத்துச் செல்வார். வாங்கலாமா, வேண்டாமா? நம் கையில் இருப்பதோ நூல்கள் வாங்கச் சேர்த்த பணம். ஆகவே கேள்வி பொறியைப் பற்றியது மட்டுமல்ல, நம்மைப் பற்றியதும் ஆகிறது.

வாங்குக என்போர் கூறுவதென்ன? “நூறாண்டு கண்ட பொறி, இனி இதுபோல் கிடைக்காது!” என்கின்றனர். ஆண்டுக் கணக்கு ஒரு காரணமா? ஆயிரமாண்டுப் பழக்கம் என்று கூறி நம்மை மடக்க வந்தோரிடம், “வயதைச் சொல்லாதீர், பயனைச் சொல்லும்” என்று கேட்டவர்களல்லவா நாம்! ஊரார் போற்றும் பழமைக்கு ஒரு நீதி, நம் உள்ளம் விரும்பும் பழமைக்கு மற்றொரு நீதியா? கிடைத்தற்கரியது என்ற வாதமும் அத்தகையதே. இளம்பிள்ளை வாதம் இன்று அரிதாகிவிட்டது. அதற்காக அதைப் போற்றுவார் உண்டோ?

வேண்டாம் என்போர், “கணினி நொடியில் முடிக்கும் வேலைக்கு இந்தக் குப்பை எதற்கு?” என்கின்றனர். புதியது என்பதாலேயே பணிவதும், பழையது என்பதாலேயே பணிவதும் உடன்பிறப்புகள். இரண்டும் சிந்தனைக்கு விடுமுறை அளிப்பவை.

இரு தரப்பையும் ஒதுக்கிவிட்டு, பொறியையே பார்ப்போம். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கச் சிறுநூல். சமயம் பரப்ப வந்த பாதிரிமார் ஆக்கியது. 1835இல் இந்தியாவில் அச்சகங்கள் மீதிருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின், நம் நாட்டார் அச்சகங்கள் பெருகின. ஓலை வைத்திருந்தோரிடம் ஒடுங்கிக் கிடந்த ஏடுகள் தெருவுக்கு வந்தன. உண்மை. ஆனால், பஞ்சாங்கம் அச்சேறியதும் அந்தப் பொறியில்தான். பகுத்தறிவு ஏடு அச்சேறியதும் அந்தப் பொறியில்தான். நன்மை இரும்பிலே இல்லை. இயக்கிய கையிலும் எண்ணிய மூளையிலும் இருந்தது. ஆகவே, இரும்புக்கு மாலை சூட்ட நமக்குக் காரணமில்லை.

அவ்வாறாயின் உடைக்கட்டும் என்று விடலாமா? எழுத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். 1978க்கு முன் வார்த்த எழுத்துகள். துதிக்கை போன்ற வளைவைத் தலைமேல் தாங்கிய பழைய ‘லை’யும் ‘னை’யும் தனித்தனி அறைகளில் கிடந்தன. எழுத்தைச் சீர்திருத்த வேண்டுமென்று 1935இல் ‘குடிஅரசு’ ஏட்டிலே பெரியார் நடைமுறைப்படுத்தினாரே, அதன் தேவை நூறு சொற்பொழிவைவிட அந்த அறைகளைக் கண்டபோது நன்கு விளங்கிற்று. வடிவம் கூடக்கூட, வார்க்கும் செலவும் தேடும் கையின் உழைப்பும் கூடும். தெய்வீகம் என்று சொல்லப்பட்ட எழுத்து, இங்கே ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகம்! மனிதன் செய்தது, மனிதன் மாற்றியது. 1978இல் அரசு ஆணையால் மாற்றம் நிலைபெற்றது; மொழி மாண்டா போயிற்று?

இந்தப் பாடத்தை இளைஞர் கையால் தொட்டுக் கற்கலாம். அதுவே வாங்குவதற்குரிய முதற்காரணம்.

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. அங்கே நாற்பதாண்டு அச்சுக் கோத்த முதியவர் ஒருவர், வலக்கைச் சுட்டுவிரலைக் காட்டினார். நுனி இல்லை. தாளை வைத்துக் கையை எடுப்பதற்குள் பொறி மூடிக்கொண்டதாம். “எனக்காக வாங்காதீங்க தம்பி; வாங்கினா இதையும் சேத்துச் சொல்லுங்க” என்றார். ஈயத்தோடு பழகிய கைகள், நாள் முழுதும் நின்ற கால்கள், மங்கிய கண்கள் ஆகியவற்றை மறைத்துப் பொறியை மட்டும் பளபளக்கச் செய்தால், அது வரலாறு ஆகாது, பொய்யாகும்.

எனவே சில விதிகள் வகுத்தோம். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பில் வெடிப்பு இருப்பின் வேண்டாம். அதைப் பற்றவைத்துச் சீராக்குவது அரிது. பற்சக்கரத்தின் பல் உடைந்திருப்பினும் வேண்டாம். மாற்று உறுப்பு கடையில் கிடைக்காது. மை உருளை கெட்டிருந்தால் பெரிதல்ல. புதிதாக ரப்பர் வார்த்துக்கொள்ளலாம். விலை, இரும்பின் எடைக்குரியதே. பழமைக்கெனத் தனி விலை தரமாட்டோம். நூல் நிதியில் கை வைப்பதில்லை. விரும்புவோர் தனியே பணம் தரட்டும். அந்த முதியவரிடம் தொழில் கற்க இருவரேனும் முன்வர வேண்டும். அவருக்குக் கூலியும் தரவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், பொறி உலைக்குப் போகட்டும். இரும்பு உருகி ஏர்க்கொழுவானால் இழிவொன்றுமில்லை.

சக்கரத்தைச் சுற்றினோம். தயங்கிற்று, பிறகு சுழன்றது. வெடிப்பில்லை, பல்லும் உடையவில்லை. பணம் சேர்ந்தது. கற்க மூவர் வந்தனர். அவர்களில் இருவர் பெண்கள். வாங்கினோம்.

ஆயுத பூசை நாளில் சந்தனப் பொட்டு வைக்கலாமா என்று ஒரு தோழர் விளையாட்டாகக் கேட்டார். பொட்டு வேண்டாம், எண்ணெய் போடுங்கள் என்றோம்.