வென்ற கட்சியும் மாத்தளையின் எலும்புகளும்

வாக்களிக்கப் போனால் உயிர் போகும் என்று ஊர் ஊராக எச்சரித்த ஓர் இயக்கம், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே ஊர்களின் வாக்காலேயே நாட்டை ஆள வந்திருக்கிறது. பழைய கணக்கு அத்தோடு தீர்ந்துவிட்டதா? தீரவில்லை என்றால் அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. அந்த இயக்கமான மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) தலைவர் அநுரகுமார திசாநாயக்க பிறந்தது இம்மாவட்டத்துக் கலேவெலயில். அவருடைய கட்சியினர் வேட்டையாடப்பட்ட 1989 இல் இங்கே இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. பின்னவர் 2019 இலும் முன்னவர் 2024 இலும் ஜனாதிபதி ஆனார்கள். இருவரையும் அந்த இடத்தில் அமர்த்தியது வாக்குச் சீட்டுதான்.

கம்யூனிசத்துக்குப் பிந்திய நாடுகள் என்றதும் போலந்து, ஹங்கேரி, ரஷ்யா என்றுதான் மனம் ஓடும். அங்கே ஆண்டுகொண்டிருந்த கட்சி விழுந்தது. இலங்கையில் நடந்தது வேறு. மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய்த் திரும்பிய ரோகண விஜேவீர 1965 இல் தொடங்கிய ஜே.வி.பி., 1971 இலும் 1987க்குப் பிறகும் ஆயுதத்தால் ஆட்சியைப் பிடிக்க முயன்று இரண்டு முறையும் நசுக்கப்பட்டது. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. உலப்பனையில் பிடிபட்ட விஜேவீர அரச காவலில் கொல்லப்பட்டது நவம்பர் 13. அங்கே மக்கள் தெருவுக்கு வந்து ஒரு சர்வாதிகாரத்தை முடித்த அதே வாரத்தில், இங்கே ஓர் அரசு தன் எதிரியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே முடித்தது.

அந்தக் கட்சி ஆயுதத்தை எடுத்த வழியையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1982 ஜனாதிபதித் தேர்தலில் விஜேவீர போட்டியிட்டார். இரண்டு மாதத்தில் ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொதுத்தேர்தலையே தவிர்த்து, சர்வசன வாக்கெடுப்பு ஒன்றால் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. 1983 ஜூலையில் தமிழரைக் கொன்று கடைகளைக் கொளுத்தினார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தேர்களும் அந்தத் தீயில் போயின. அந்தப் பழியை ஆதாரமின்றி ஜே.வி.பி. மீது சுமத்தி அதைத் தடைசெய்தது அரசு. தேர்தல் பாதையைக் கட்சி உதறியது உண்மை. அந்தப் பாதையை முதலில் அடைத்தது அரசு என்பதும் உண்மை.

ஆனால் அடைக்கப்பட்ட பாதை, பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நியாயம் ஆகிவிடாது. கட்சியின் ஆயுதப் பிரிவான தேசப்பிரேமி ஜனதா வியாபாரயவின் பெயரில் வந்த துண்டுகள் கடையை மூடச் சொன்னால் கடை மூடியது, பஸ் ஓடக்கூடாது என்றால் ஓடவில்லை. கொல்லப்பட்டவர்களில் அரசாங்கக் கட்சிக்காரர் மட்டுமா இருந்தார்கள்? மாற்று இடதுசாரிகள், தொழிற்சங்கக்காரர்கள், மாணவர் தலைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். இயக்கத்தால் கொல்லப்பட்டவரின் பிணப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக் கூடாது என்பது கட்டளை. சவத்தைச் சுமப்பவர்கள் நிமிர முடியாமல், முதுகை வளைத்துக்கொண்டு, பெட்டி தரையில் உரசாத அளவுக்கு மட்டும் தூக்கி, மயானம் வரை போனார்கள். செத்தவனுக்குச் செய்யும் கடைசி மரியாதையையும் கட்சியிடம் உத்தரவு கேட்டுச் செய்யவைத்த ஆட்சி அது; அரியணை ஏறாமலே நடந்த சர்வாதிகாரம். 1982 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளரில் 81 வீதத்தினர் வாக்களித்த நாட்டில், 1988 டிசம்பர் 19 அன்று நடந்த அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்தவர்கள் 55 வீதம். மாத்தளை மாவட்டத்தில் அதைவிட வெகு குறைவு.

அரசு திருப்பிக் கொடுத்த அடி இதைவிடப் பன்மடங்கு. சந்திகளில் டயர் போட்டு எரித்த உடல்கள் கிடந்தன, பாடசாலைப் பிள்ளைகளும் காணாமல் ஆக்கப்பட்டார்கள். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிரி எரிவாயுத் தொட்டி ஒன்று கட்ட மண்ணை வெட்டியபோது எலும்புகள் வந்தன. மாதக்கணக்கில் தோண்டி, 150க்கு மேற்பட்டோரின் எச்சங்களை எடுத்தார்கள். எண்பதுகளின் இறுதியைச் சேர்ந்தவை என்று அகழ்ந்த தொல்லியலாளர் கணித்தார். சித்திரவதையின் தடயங்கள் இருப்பதாகவும் சொல்லப்பட்டது. பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று வந்தது. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்ற முடிவு வெளியானது; பிள்ளையைத் தொலைத்த குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. அன்று ஆட்சியில் இருந்தது கோட்டாபயவின் அண்ணன், பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபயவே. அவர்மீது எந்த நீதிமன்றமும் குற்றத் தீர்ப்பு அளிக்கவில்லை. ஆயினும் சந்தேகத்தின் நிழல் தன்மீதே விழும் ஒரு விசாரணையைத் தன் குடும்பத்தின் ஆட்சியே நடத்தியதில் எவருக்கும் நம்பிக்கை வராதது நியாயம். அந்தக் குடும்பங்களோடு நின்று முறையான விசாரணை கேட்டவர்களில் ஜே.வி.பி.யும் ஒன்று.

இன்று கேட்கும் இடத்தில் அந்தக் கட்சி இல்லை. கொடுக்கும் இடத்தில் இருக்கிறது.

கட்சிக்காரர்கள் சொல்லும் முதல் பதில், கூடுதலாகச் செத்தது நாங்கள்தான் என்பது. அது பொய்யில்லை. தலைவர்களில் ஏறக்குறைய எல்லோரையும், தொண்டர்களில் ஆயிரமாயிரம் பேரையும் இழந்த ஒரு கட்சியிடம் போய், நீ கொன்ற கணக்கைக் காட்டு என்பது குரூரமாகத் தோன்றலாம். ஆனால் இழப்புகளை எதிரெதிரே வைத்துக் கழித்துக்கொள்ள முடியாது. இராணுவம் கொன்ற இளைஞனின் தாயும், துண்டை மீறிக் கடை திறந்ததற்காகச் சுடப்பட்டவரின் மனைவியும் ஒருவர் துயரத்தால் மற்றவர் துயரத்தை அடைத்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு நவம்பர் 13 இலும் கட்சி தன் மாவீரர்களை நினைவுகூர்கிறது. அது அதன் உரிமை. முதுகு வளைத்துத் தூக்கப்பட்ட பெட்டிகளில் போனவர்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. 2014 இல் பிபிசி செவ்வியில், நடக்கக் கூடாதவை தம் கையால் நடந்ததற்கு அநுரகுமார வருத்தம் தெரிவித்தார். அது பெரிய காரியம். அதுவரை கட்சித் தலைமை அப்படிப் பேசியதில்லை. ஆனால் பெயர் சொல்லாத வருத்தம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது பதில், மக்கள் எல்லாம் தெரிந்துதானே வாக்களித்தார்கள் என்பது. 2024 வாக்காளர் மனதில் நின்றது 2022 இன் பெற்றோல் வரிசையும், காஸ் இல்லாத அடுப்பும், களவெடுத்தவன் தண்டனையின்றித் திரிவதும். பாதிப்பேருக்கு 1989 பெற்றோர் சொன்ன கதை மட்டுமே. ஆளும் அதிகாரத்தை அவர்கள் கொடுத்தார்கள், சரி. கொல்லப்பட்டவரின் வீட்டார் கொடுக்க வேண்டிய மன்னிப்பை அடுத்த ஊர்க்காரர் கொடுத்துவிட முடியுமா?

தன் இறந்தோரை மட்டும் மதிப்பது ஆளுவோரை ஜனநாயகவாதி ஆக்கிவிடாது என்பதற்கு ஹங்கேரி கண்முன் நிற்கிறது. 1958 இல் தூக்கிலிடப்பட்டுப் பெயரில்லாத குழியில் போடப்பட்ட பிரதமர் இம்ரே நாஜின் எலும்புகளை 1989 ஜூன் 16 அன்று புடாபெஸ்டில் மறு அடக்கம் செய்தார்கள். அங்கே சுதந்திரத் தேர்தலும் சோவியத் படை விலகலும் வேண்டும் என்று துணிந்து பேசிய இளைஞர் விக்டர் ஓர்பான். 2010 இல் மூன்றில் இரண்டு பலம் கிடைத்ததும் அவரே அரசியலமைப்பையும் தேர்தல் சட்டத்தையும் தன் கட்சிக்கு வாய்ப்பாகத் திருத்தி எழுதினார். துவக்கு தேவைப்படவில்லை.

அந்த மூன்றில் இரண்டு இலங்கையைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1970 இல் அந்தப் பலத்தோடு வந்தவர்கள் 1972 யாப்பின் வழியே தம் பதவிக்காலத்தை இரண்டு ஆண்டு கூட்டிக்கொண்டார்கள். 1977 இல் ஆறில் ஐந்து கிடைத்தவர்கள் நிறைவேற்று ஜனாதிபதி முறையையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் தந்தார்கள். 2010 இல் வந்தவர்கள் பதினெட்டாம் திருத்தத்தால் ஜனாதிபதியின் இரு தவணை வரம்பை எடுத்தார்கள். 2020 இல் இருபதாம் திருத்தம். இப்போது ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தியிடம் 225 இல் 159 ஆசனம். விகிதாசார முறையில் கூட்டோ கட்சித் தாவலோ இல்லாமல் இதைப் பெற்ற முதல் கட்சி அதுதான். நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியை ஒழிப்போம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லி வந்த கட்சியும் அதுதான். அந்தச் சட்டத்தின் கீழ் அடைபட்டவர்களில் அதன் சொந்தத் தோழர்களே உண்டு.

தமிழருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கட்சியின் ஆரம்ப ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத்து லயன்களில் இருந்து கொழுந்து கொய்தவர்களும் பால் வெட்டியவர்களும் அந்த வகுப்பில் அந்நிய வல்லரசின் கருவி ஆனார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனவர்களை ஒரு பாட்டாளிக் கட்சி சந்தேகித்தது. ஜனநாயகத்துக்குத் திரும்பிய பிறகும், வடக்கு கிழக்கு இணைப்பை 2006 இல் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பிரித்தவர்கள் இவர்களே. வாக்குப்பெட்டிக்கும் வழக்கு மன்றத்துக்கும் போவது துவக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் சிறுபான்மையின் தலைக்கு மேலே பெரும்பான்மை எண்ணிப் பார்த்து எடுக்கும் முடிவு நீதியாகிவிடாது. அந்த வகுப்பை நடத்தியது தவறு என்று இதே தோட்டங்களில் வந்து, தமிழில், கட்சி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. 2024 இல் மலையகம் அவர்களுக்கு அள்ளிக் கொடுத்த வாக்குக்கு அதுவே குறைந்த பட்ச மரியாதை.

2025 மார்ச்சில், அதே எண்பதுகளின் இறுதிக்காலத்துப் படலந்த வதைமுகாம் பற்றிய ஆணைக்குழு அறிக்கையை அரசு நாடாளுமன்றத்தில் வைத்தது. வைத்தது சரி. அதில் குற்றவாளிக் கூண்டில் இருப்பவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் என்பதால் வைப்பது எளிதாகவும் இருந்தது. மாத்தளை அவ்வளவு எளிதில்லை. அந்த எலும்புகளைச் சுயாதீன நிபுணர்களிடம் மீண்டும் கொடுக்க வேண்டும். உறவினரின் மரபணுவோடு ஒப்பிட வேண்டும். அதே கையோடு, இம்மாவட்டத்தில் தன் ஆட்களால் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலையும் கட்சி தானே வெளியிட வேண்டும். முன்னதற்கு அரச அதிகாரம் போதும், பின்னதற்குக் கட்சியின் மனம் வேண்டும். இரண்டும் இன்று ஒரே இடத்தில் இருக்கின்றன. 1989 இல் நாற்பதைத் தாண்டியிருந்த தாய்மார் இன்று எண்பதைத் தொடுகிறார்கள். ஒப்பிட எடுக்க வேண்டிய இரத்தம் அவர்களுடையது. இந்த நாடாளுமன்றத்தின் காலம் முடியும்வரை அது காத்திருக்காது.