வேற பின்

உங்களிடம் ஒரு கேள்வி. முன்பின் தெரியாதவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் இல்லை என்பீர்களா? மாட்டீர்கள். லேப்டாப் சார்ஜர் கேட்டால்?

ஏற்காட்டில் ஒரு கோடை மழை. கீழே சேலம் வெந்துகொண்டிருக்க, இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். மதியம் போன கரண்ட் ராத்திரி எட்டு வரை வரவில்லை. விடுதி ஜெனரேட்டர் வரவேற்பறைக்கு மட்டும். அங்கே ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் நான்.

கல்லூரி முடித்த வயதில் ஒரு பையன் வந்தான். "சார், சார்ஜரை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். இன்னிக்குள்ள ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் அனுப்பணும். அரை மணி நேரம் தர முடியுமா?"

அவன் லேப்டாப்பைப் பார்க்காமலே சொன்னேன். "என்னுது வேற பின் தம்பி. சேராது."

"பரவால்ல சார்" என்று திரும்பினான். அப்போதுதான் கவனித்தேன். அவனுடையதிலும் அதே சின்ன நீள்வட்டத் துளை. டைப்-சி.

பதினைந்து வருஷம் முன்னால் நான் சொன்னது அநேகமாக உண்மையாகவே இருந்திருக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை ஏறக்குறைய எல்லா அடாப்டரும் 19, 20 வோல்ட் டி.சி.யாகத்தான் மாற்றின. ஆனால் கம்பெனிக்கு ஒரு பின். ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு நடுவில் ஊசி. சில லேப்டாப்கள் 'நீ நம்ம கம்பெனிதானா?' என்று விசாரித்துவிட்டுத்தான் அடாப்டரை ஏற்றுக்கொள்ளும். (ஜாதி கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்த மாதிரி.) உதவ மனம் இருந்தாலும் முடியாது, மனம் இல்லாதவனுக்கோ ரெடிமேட் சாக்கு.

டைப்-சி விசாரிப்பது வேறு விஷயம். 'உனக்கு எத்தனை வோல்ட் தேவை?' என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு, 5-லிருந்து 20 வரை ஒத்துக்கொண்டதைத் தருகிறது. ஐரோப்பிய பாராளுமன்றம் 2022 அக்டோபரில் இதைப் பொதுவாக்கும் சட்டத்துக்கு 602 ஓட்டுப் போட்டது. எதிர்த்தவர்கள் 13 பேர். செல்போன்களுக்கு 2024 டிசம்பர் கெடு, லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல். குப்பை குறையும் என்றுதான் சட்டம் போட்டார்கள். என் சாக்கும் குப்பைக்குப் போகும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

கி.மு. 44-ல் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதும்போது, நமக்கு நஷ்டமில்லாமல் தரக்கூடியதை அந்நியனுக்கும் தரவேண்டும் என்கிறார். ஓடுகிற தண்ணீர், நெருப்பு, நல்ல யோசனை. மனுஷர் உஷாராக ஒரு கடிவாளமும் போடுகிறார்: கேட்பவர்களுக்குக் கணக்கில்லை, கையிருப்புக்கு அளவுண்டு, நம் வீட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

சரி, என் கையிருப்பு என்ன? என் லேப்டாப்பில் 71 சதவிகிதம் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய கிரிக்கெட் மேட்ச், ரிசல்ட் தெரிந்தது. 65 வாட் சார்ஜரில் அரை மணி நேரத்துக்கு அவன் எடுத்திருக்கக்கூடியது ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கு. அதுவும் விடுதிக்காரர் டீசல்.

தேடிப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்து யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல தைரியம் வரவில்லை. "எதுக்கும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா தம்பி?" என்றேன்.

செருகினான். விளக்கு எரிந்தது.

"அட, சேருது சார்!" என்றான், ஆச்சரியமாக. அல்லது, ஆச்சரியப்படுவது போல.