பழம் இழந்தவன்

தைப்பூசத்துக்கு முதல் நாள் அதிகாலையில், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894இல் வந்த ரதம். வழி நெடுகச் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். சிரட்டைச் சில்லில் கால் படாமல் நடக்க இடமிருக்காது. அந்த ரதத்தில் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகிறவன் தண்டாயுதபாணியான முருகன். கோவணமும் கையில் ஒரு கோலும். உலகத்தையே சுற்றிவிட்டு வந்தும் அண்ணனுடைய தந்திரத்தில் பழத்தை இழந்து, கோபித்துக்கொண்டு போனவன்.

முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தினேன். இப்போது ஞாயிறு காலைகளில் எங்கள் வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் வள்ளி திருமணம் சொன்னேன். முருகன் கிழவனாக வந்தது, தேனும் தினைமாவும் கேட்டது, அண்ணனை யானையாக வரவழைத்தது. புட்டுமாயத்தில் சீனியும் தேங்காய்ப்பூவும் பிசைந்துகொண்டிருந்த ஒரு சிறுமி கையை நிறுத்தினாள். பதினொரு வயதுப் பிள்ளை.

"டீச்சர், ஆனைய விட்டுப் பயங்காட்டி 'கட்டிக்கிறேன்'னு சொல்ல வச்சா, அது ஏமாத்துத்தானே? சாமி செய்யலாமா?"

எத்தனையோ வகுப்புகளில் சொன்ன கதை. ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. 'திருவிளையாடல்' என்று சொல்லிக் கடந்திருக்கலாம், மனம் வரவில்லை.

மலாய்க் கதைகளில் வரும் சாங் காஞ்சிலை இவள் ஏமாற்றுக்காரன் என்று சொல்லவில்லை. அந்தச் சருகுமான், ராஜா விருந்து கொடுக்கிறார், உங்களை எண்ணி வரச் சொன்னார் என்று பொய் சொல்லி, முதலைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் முதுகிலேயே ஆற்றைக் கடந்த கதை இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். குச்சி போன்ற கால், கொம்புமில்லை. அதற்குச் சொல்தான் கொம்பு. அதனிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை. வல்லவன் தந்திரம் செய்தால்தான் நமக்கு உறுத்துகிறது.

நம் சாமிகளும் தந்திரத்துக்கு வரும்போது சின்ன உருவத்தில்தான் வருகிறார்கள். ஔவையிடம் நாவல் மரத்து மாட்டுக்காரப் பையன். வந்திக் கிழவியிடம் கூலியாள். பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு வருவதால் அது குற்றமாகாது என்று முதலில் நினைத்தேன். ஆனால் இராவணனும் சீதையிடம் பிச்சை கேட்கிற சந்நியாசியாகத்தானே வந்தான்? வேஷம் ஒன்றுதான். அந்த நினைப்பு ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

கடைசியில் வந்தியின் கதைதான் எனக்கு வழிவிட்டது. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்க வேண்டும். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்கு ஆளில்லை. சிவன் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டெல்லாம் கூலி என்று பேச்சு. அன்றைக்கென்று பிட்டு முழுக்க உதிர்கிறது. வாங்கித் தின்றுவிட்டு, ஆடிப் பாடி, மரத்தடியில் படுத்துத் தூங்குகிறார். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுகிறது, உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. அதற்குப் பிறகுதான் ஒரு கூடை மண், கரை அடைபடுகிறது. தந்திரம் செய்தவர் முதுகைக் காட்டினார். இராவணனின் வேஷத்துக்கு விலை கொடுத்தது சீதை. வேஷத்தைப் பார்த்து எடை போடுவதில் பயனில்லை. அடி யார் மேல் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்தத் தராசில் வாமனன் எனக்கு இன்றுவரை நிற்கவில்லை. மாவலி கொடுத்தவன்; மிதிபட்டவனும் அவன்தான். அதற்குப் பெரியவர்கள் சொல்லும் சமாதானங்களைக் கேட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வள்ளி கதையிலும் நடுங்கியது வள்ளிதான். பிள்ளை சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறாள். ஒரு தந்திரத்தில் தோற்று மலையேறியவனுக்கு, தோற்பவரின் வலி தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த ஞாயிறு அதே கதையை மறுபடி சொன்னேன். யானை போனது. கிழவேஷம் கலைந்து, வேலும் மயிலுமாக முருகன் நின்றான். "பயத்தில் சொன்னது வேண்டாம். இப்போது சொல்" என்று அவனைக் கேட்க வைத்தேன். கந்தபுராணத்தில் கச்சியப்பர் இப்படி எழுதவில்லை என்பது தெரிந்துதான் செய்தேன். வள்ளியின் பதிலைச் சொல்லாமல் நிறுத்தினேன். பிள்ளைகள் எல்லாரும் அன்று கேள்வி கேட்டவள் பக்கம் திரும்பினார்கள்.

"யோசிக்கணும், டீச்சர்" என்றாள்.