வாயில் அடைத்த பின்

லண்டன் பாலத்தின் தென்முனையில் இறங்கி பரோ ஹை ஸ்ட்ரீட்டில் தெற்கு நோக்கி நடந்தால், இடது பக்கம் சின்னச் சின்னச் சந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிங்ஸ் ஹெட் யார்டு, ஒயிட் ஹார்ட் யார்டு, ஜார்ஜ் இன் யார்டு, டால்பட் யார்டு, குவீன்ஸ் ஹெட் யார்டு. பெரும்பாலான சந்துகளில் எட்டிப் பார்த்தால் அலுவலகங்களின் பின்சுவரும் சரக்கு இறக்கும் வண்டிகளும்தான் தெரியும். ராஜாவும் ராணியும் வெள்ளை மானும் இங்கே எப்படி வந்தார்கள் என்று புதிதாக வருகிறவர் வியக்கலாம். இவை எல்லாம் ஒரு காலத்தில் விடுதிகளின் பெயர்ப்பலகையில் இருந்த படங்கள். ஒவ்வொரு சந்தும் ஒரு விடுதியின் முற்றத்துக்குள் வண்டி நுழைந்த வழி.

1598இல் லண்டன் நகரை வீதி வீதியாக எழுதிவைத்த ஜான் ஸ்டோ, சதக் என்னும் இந்தத் தென்கரைப் பகுதிக்கு வந்ததும் எட்டு விடுதிகளின் பெயரை அடுக்கிவிட்டு, இன்னும் பல உண்டு என்று நகர்ந்துவிடுகிறார். ஒரே தெருவில் இத்தனை விடுதி எதற்கு? விடை அந்தப் பாலத்தில் இருக்கிறது. 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை நகரத்துக்குள் தேம்ஸின்மேல் இருந்த பாலம் லண்டன் பாலம் ஒன்றுதான். அதன்மேல் இரண்டு பக்கமும் வீடுகளும் கடைகளும் நெருக்கிக் கட்டியிருந்தார்கள். நடுவில் மிஞ்சியது குறுகலான பாதை. இரவானால் வாயிலை அடைத்துவிடுவார்கள். பிந்தி வந்தவன் தென்கரையில்தான் படுக்க வேண்டும். விடியுமுன் தெற்கே கிளம்ப வேண்டியவனும் முந்தின மாலையே பாலத்தைத் தாண்டி வந்து இங்கே தங்குவான். கெண்டிலிருந்தும் சசெக்ஸிலிருந்தும் பாரம் ஏற்றி வந்த வண்டிகள் இந்த முற்றங்களில் அவிழ்த்துப் போட்டன. சதக் விடுதிகளை உண்டாக்கியது அடைத்த வாயில்தான் என்று சொல்வேன். ஆறும் இரவும் பூட்டும் சேர்ந்து மனிதரை அங்கே நிறுத்தின.

அப்படி நின்றவர்களில் ஒரு கூட்டம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஜெஃப்ரி சாசர் தம் 'கேண்டர்பரி கதைகள்' நூலில், ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில் டாபர்ட் விடுதியில் இருபத்தொன்பது யாத்ரீகர்களை ஒன்றுசேர்க்கிறார். 1170இல் கேண்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு அவர்கள் போகிறார்கள். டாபர்ட் கற்பனையான இடம் அல்ல. வின்செஸ்டரின் ஹைட் மடத்து அதிபர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வாங்கிய நிலத்தில் எழுந்தது அது. கதையில் விடுதிக்காரராக வரும் ஹாரி பெய்லியின் பெயரிலேயே சதக்கில் ஒரு விடுதிக்காரர் உண்மையாகவே இருந்தார்; நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தவர்.

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். போர்களைப் பார்த்த வீரர், கன்னியர் மடத்துத் தலைவி, குடித்துவிட்டு முறை தவறிப் பேசும் மாவு அரைப்பவன், காலில் புண்ணோடு ஒரு சமையல்காரன், ஐந்து கணவரைக் கண்ட பாத் நகரத்துப் பெண், கடனை மறைத்து மிடுக்காக நடக்கும் வணிகன். இவர்களில் பலர் மற்றவரைத் தம் வீட்டு வாசலில்கூட நிறுத்தியிருக்க மாட்டார்கள். பிடித்துப்போய் ஒன்றுகூடியவர்கள் அல்லர். ஒரே சாலையில் போக வேண்டியிருந்தது, ஒரே இரவில் தங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விடுதிக்காரர் எழுந்து, வழிநெடுக ஆளுக்கு ஆள் கதை சொல்லலாம், நன்றாகச் சொன்னவருக்குத் திரும்பி வந்ததும் எல்லோர் செலவிலும் இதே விடுதியில் விருந்து என்கிறார். ஆங்கில இலக்கியத்தின் முதல் பெரும் படைப்புகளுள் ஒன்று, ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காத மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் தங்க நேர்ந்ததில் பிறந்தது.

இதைச் சொல்லும்போது அந்த விடுதிகளைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. முன்பின் தெரியாத ஆளோடு ஒரே கட்டிலில் படுக்க நேரும். மூட்டைப்பூச்சி உண்டு, திருட்டு உண்டு, கலகமும் உண்டு. 1450இல் அரசருக்கு எதிராகக் கெண்டிலிருந்து படைதிரட்டி வந்த ஜாக் கேட், ஒயிட் ஹார்ட் விடுதியைத்தான் தன் பாசறையாக்கிக்கொண்டான். காசு இல்லாதவனுக்கு எந்த முற்றமும் எளிதில் திறக்கவில்லை. ஆனாலும் ஊரில் வேறெங்கும் சேராத மனிதர்கள் இங்கே சேர்ந்தார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் கேட்காமல் இருக்க முடியவில்லை.

விடுதியில் தேறிய காசு எங்கெங்கோ போயிற்று. குவீன்ஸ் ஹெட் விடுதி சதக்கில் பிறந்த ஜான் ஹார்வர்டுக்குத் தாய்வழியில் வந்த சொத்து. 1625இல் வந்த கொள்ளைநோய் அவருடைய தந்தையையும் உடன்பிறந்தார் பலரையும் கொண்டுபோனது. பத்தாண்டு கழித்துத் தாயும் இறந்த பின், அவர் 1637இல் கடல் கடந்து மாசசூசெட்ஸுக்குக் குடியேறினார். அடுத்த ஆண்டே காசநோயில் இறந்தபோது, சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த கல்லூரிக்கு எழுதிவைத்தார். இன்று அவர் பெயரை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் வண்டிக்காரர்களும் வழிப்போக்கர்களும் சதக்கில் கொடுத்த சில்லறையும் இருக்கிறது என்பது எனக்கு மனநிறைவு தரும் செய்தி.

இந்த விடுதிகளுக்கு ஆயுள் கெட்டி. 1538இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் சமாதியை இடித்துத் தள்ளினார். கேண்டர்பரி யாத்திரையே நின்றுபோனது. டாபர்ட் சாகவில்லை, வணிகர்களையும் சரக்கு வண்டிகளையும் வைத்துப் பிழைத்துக்கொண்டது. 1676இல் சதக்கில் பெருந்தீ பிடித்தது. டாபர்டும் ஜார்ஜும் ஒயிட் ஹார்ட்டும் எரிந்தன. மூன்றையும் அதே இடத்தில், அதே அமைப்பில் மறுபடி கட்டினார்கள்: நடுவில் முற்றம், சுற்றிலும் மரக் கைப்பிடி வைத்த மாடித் தாழ்வாரங்கள், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள், கீழே லாயம். டாபர்ட் மட்டும் டால்பட் என்று பெயர் மாறியது. தெய்வம் போயும் வீடு எரிந்தும் எழுந்துவிட்ட இவற்றைக் கடைசியில் எது வீழ்த்தியது?

ரயில் என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது பாதி உண்மை என்றே நினைக்கிறேன். ரயில் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே விடுதிகளுக்குள் வேகம் புகுந்துவிட்டது. 1754இல் எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் இடையே ஓடிய கோச்சு என்னும் குதிரை வண்டி கோடையில் பத்து நாள், குளிர்காலத்தில் பன்னிரண்டு நாள் என்று விளம்பரம் செய்தது. அத்தனை இரவுகளும் வழியில் ஏதோவொரு விடுதியில் கழியும். 1784இல் ஜான் பாமர் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் தபால் கோச்சை விட்டார். மாலை நாலு மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை எட்டுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. 1830களில் எடின்பரோவிலிருந்து இரண்டே நாளில் லண்டன் வந்துவிடலாம். குதிரை மாற்றுவதற்கு ஓரிரு நிமிடம், அவசரமாக விழுங்கும் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம். பயணி இரவு முழுக்க ஓடும் வண்டியிலேயே இருந்தான். கோச்சு யுகத்தை விடுதிகளின் பொற்காலம் என்பார்கள். லாயங்கள் நிரம்பி வழிந்ததும் வருமானம் பெருகியதும் மெய்தான். ஆனால் மாலைப்பொழுது அப்போதே முற்றத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை விரட்டியவர்களில் விடுதிக்காரர்களும் உண்டு. லண்டனில் ஸ்வான் வித் டூ நெக்ஸ் விடுதியை நடத்திய வில்லியம் சாப்ளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வைத்திருந்த பெரும் கோச்சு முதலாளி. ரயில் வந்ததும் காலம் கடத்தாமல் பணத்தை அதில் போட்டு, லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவரானார். அவர் துரோகம் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் விற்ற சரக்கு வேகம். அதையே இன்னும் சிறப்பாக விற்கும் கடை ஒன்று திறந்தது. அவர் அங்கே போனார்.

1836ஆம் ஆண்டை என்னால் கடந்து போக முடிவதில்லை. அந்த ஆண்டு ஜூலையில், மாதப் பகுதிகளாக வந்துகொண்டிருந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில், ஒயிட் ஹார்ட் விடுதியின் முற்றத்தில் விருந்தாளிகளின் பூட்சுகளைத் துடைத்தபடி சாம் வெல்லர் அறிமுகமானான். லண்டனே அவனைக் கொண்டாடியது. அதுவரை மந்தமாக விற்ற கதை ஆயிரக்கணக்கில் விற்றது. இருபத்துநாலு வயது டிக்கன்ஸ் அந்த விடுதிகளைப் பழமையின் மிச்சமாகத்தான் வருணித்தார். அதே ஆண்டு டிசம்பரில், அந்த முற்றத்திலிருந்து சில நிமிட நடையில், லண்டன் பாலம் ரயில் நிலையம் திறந்தது. தலைநகரத்தின் முதல் நிரந்தர ரயில் முனையம் அது.

பிறகு நடந்தவை நெடுங்கதை அல்ல. கோச்சுகள் நின்றன. முற்றங்கள் ரயில்வே சரக்கு அலுவலகங்களாயின, மாடி அறைகள் வாடகைக் குடித்தனங்களாயின. டால்பட் என்று பெயர் மாறிய டாபர்ட் 1873இல் இடிபட்டது, ஒயிட் ஹார்ட் 1889இல். குவீன்ஸ் ஹெட்டும் கிங்ஸ் ஹெட்டும் அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பழைய உருவை இழந்தன.

இடிப்பு தொடங்கிய பிறகுதான் நகரம் திரும்பிப் பார்த்தது. 1875இல், செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே இருந்த ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ் என்ற விடுதியை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் சிலர் கூடிப் பழைய லண்டனின் எச்சங்களைப் படமெடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். படம் மங்கிவிடக் கூடாது என்று நிலைத்து நிற்கும் கார்பன் முறையில் அச்சிட்டார்கள். 1886வரை 120 படங்கள் வந்தன. சதக் விடுதிகளும் அவற்றில் இருக்கின்றன. சாய்ந்த தாழ்வாரம், கைப்பிடியில் காயும் துணி, கீழே நிற்கும் வண்டி, அவ்வளவு நேர்த்தியாகத் தெரிகின்றன. அவர்கள்மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால் மரம், செங்கல், நிழல் எல்லாவற்றையும் பிடித்த அந்தப் படங்களில் முற்றத்தின் பேச்சு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அது அடங்கிவிட்டது.

ஜார்ஜ் ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் முழுதாக இல்லை. அதை வாங்கிய கிரேட் நார்தர்ன் ரயில்வே 1889இல் பெரும்பகுதியை இடித்தது. தெற்குப் பக்க வரிசை மட்டும் தப்பியது. 1937இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. மாடித் தாழ்வாரத்தோடு லண்டனில் எஞ்சிய ஒரே கோச்சு விடுதி. இன்று மாலை போனால் உட்கார இடம் கிடைப்பது அரிது; பியரும் சாப்பாடும் உண்டு. ஆனால் இரவு யாரும் தங்குவதில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு வந்து, தங்கள் மேசையில் உட்கார்ந்து, கடைசி ரயிலுக்குள் கிளம்பிவிடுகிறார்கள்.

தாழ்வாரத்தைக் காப்பாற்ற முடிந்தது, அந்த இரவைக் காப்பாற்ற முடியவில்லை. முன்பின் தெரியாதவரோடு ஒரு மாலையைக் கழிப்பது மனிதர் தாமாகத் தேடிப் போகிற காரியம் அல்ல. நமக்குப் பிடித்தவரையும் நம்மைப் போன்றவரையும்தான் தேடிப் போகிறோம். மற்றவரை நம் எதிரில் உட்காரவைக்க ஏதோ ஒரு தடை வேண்டியிருந்தது. அடைத்த வாயில், களைத்த குதிரை, இருட்டிவிட்ட சாலை. அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கினோம். நீக்கியது சரிதான், பன்னிரண்டு நாள் கோச்சுப் பயணத்துக்குத் திரும்பு என்று நான் யாரையும் கேட்கமாட்டேன். ஆனால் அந்தத் தடைகள் கேட்காமலே கொடுத்துவந்த ஒன்றை இனி நாமாக முடிவெடுத்து, காசும் நேரமும் செலவழித்துத்தான் பெற வேண்டியிருக்கிறது.

அப்படி முடிவெடுத்தவர்கள் அதே சதக் நகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள். நன்ஹெட் பகுதியில் ஐவி ஹவுஸ் என்று ஒரு பப். 1930களில் கட்டியது, சாசரும் டிக்கன்ஸும் அதன் பக்கம் வந்ததில்லை. 1970களில் நியூலேண்ட்ஸ் டாவர்ன் என்ற பெயரில் அங்கே ராக் இசைக் குழுக்கள் பாடின. 2012இல் அது மூடியது, அடுக்குமாடி வீடுகளாகிவிடும் என்ற பேச்சு எழுந்தது. அக்கம்பக்கத்தார் 2011இன் உள்ளாட்சிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மக்களுக்குப் பயன்படும் இடம் என்று ஒன்றைப் பதிவு செய்தால், அதை விற்கும்போது வாங்க முயல உள்ளூர்க்காரர்களுக்கு அவகாசம் தரும் சட்டம் அது. நாட்டிலேயே அப்படிப் பதிவான முதல் பப் ஐவி ஹவுஸ்தான். 2013இல் அவர்கள் அதை வாங்கினார்கள்; நூற்றுக்கணக்கானோர் பங்குப் பணம் போட்டுக் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான்.