கல்லும் காவலும்

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோர்க்கு ஒரு வசதி உண்டு. பல மாநிலத்தாரும் பல சமயத்தாரும் ஒரே தெருவில் குடியிருப்பதால், பிறருடைய வழக்கங்களை நூலில் படித்தறிய வேண்டியதில்லை, வாயிற்படியிலேயே கண்டுகொள்ளலாம். அண்மையில், சுரங்கப் பணியிலிருக்கும் நம் சமுதாய இளைஞர் ஒருவர் கருநாடகத்துப் பைலகுப்பேயிலுள்ள திபெத்தியக் குடியிருப்பைக் காணச் சென்றவர், கழுத்தில் அணியும் மணி ஒன்றை வாங்கி வந்தார். கரும்பழுப்பு நிறம், விரற்கணு நீளம், அதன்மேல் வெண்ணிறக் கோடுகளும் கண்களைப் போன்ற வட்டங்களும். இதை அணிந்தவரை விபத்து நெருங்காது என்று விற்றவர் சொன்னாராம். தாயார் கண்டதும், "இது ஷிர்க், கழற்றி எறி" என்றார். இளைஞரோ தம் பாட்டனாரின் விரலில் நாற்பது ஆண்டுகளாகக் கிடக்கும் அகீக் மோதிரத்தைச் சுட்டிக்காட்டி, "அது மட்டும் என்ன?" என்று கேட்டுவிட்டார். வழக்கு என்னிடம் வந்தது.

அவர்களுடையது மூடநம்பிக்கை, நம்முடையது மார்க்கம் என்று கூறிவிடுவது எளிது. எல்லாம் ஒன்றுதான், மனத்துக்கு நிறைவளிப்பதை அணிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது அதனினும் எளிது. இரண்டுமே கேள்விக்கு விடையாகா. கேள்வி கல்லைப் பற்றியது. ஆதலின் முதலில் கல்லைப் பார்ப்போம்.

பாட்டனாரின் மோதிரக் கல்லும் பேரனின் மணியும் ஒரே இனம். அகேட் என்று இன்று வழங்கும் கல் அது. சிவந்திருந்தால் தமிழில் சூதுபவளம். கறுப்பும் வெள்ளையுமாய் வரி ஓடினால் கடைத்தெருவில் சுலைமானிக் கல். மணலுக்குரிய சிலிக்காவே நீரில் கரைந்து, பாறையின் பொந்துகளில் படலம் படலமாகப் படிந்து இறுகினால் இக்கல் பிறக்கும். நெய்வேலியில் இருப்போர்க்கு இதனை விளக்குவது கடினமன்று. நம் பழுப்பு நிலக்கரி என்பதே கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் புதைந்த மரம். அதன்மேல் மூடிக் கிடக்கும் கடலூர் மணற்கல் வரிசை வடக்கே திருவக்கரையிலும் தோன்றுகிறது. ஆனால் அங்குள்ள மரங்கள் கரியாகவில்லை. சிலிக்கா கலந்த நீர் உள்ளே ஊறி, நாரின் வரி கெடாமலே அவற்றைக் கல்லாக்கிவிட்டது. ஓரிடத்தில் மரம் எரிபொருளாகிறது. மற்றோரிடத்தில் மணிக்கல்லுக்கு உறவாகிறது. இரண்டும் படைத்தவனின் வல்லமைக்குச் சான்றுகள்தாம். ஆயினும் திருவக்கரைக் கல்மரத்தைக் கழுத்தில் கட்டினால் காவல் கிட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

இனி அந்த மணியின் கதை. திபெத்தியர் அதனை 'ஸீ' என்பர். ஒளி, பொலிவு என்று பொருள். அது மனிதர் செய்ததன்று, வானிலிருந்து விழுந்தது என்று அவர்கள் நம்பினர். உயிருள்ள புழுவாக ஊர்ந்துகொண்டிருந்ததை மனிதக் கை தொட்டவுடன் கல்லாகிவிட்டது என்பது மற்றொரு கதை. அதிலுள்ள வட்டங்களைக் கண்கள் என்று எண்ணி மதிப்பிடுவர்; ஒன்பது கண்ணுடையதற்கு உயர்ந்த விலை. தீமையைத் தடுக்கும் என்று அணிவதோடு, அதனைச் சுரண்டிப் பொடித்து மருந்திலும் சேர்ப்பர். பழைய மணிகள் பலவற்றில் காணும் சிறு குழிகள் அவ்வாறு சுரண்டியதால் ஏற்பட்டவையே. நாடிழந்து வந்தபோது, தம் தாயின் கழுத்திலிருந்த மணியை ஊர்நினைவாகக் கொண்டு வந்த குடும்பங்களும் அவர்களிடையே உண்டு. அந்த நினைவை நாம் எள்ளி நகையாட வேண்டா. ஆனால் இன்று கடைகளில் விற்பவற்றுள் மிகப் பல, சீனத்திலும் தைவானிலும் அண்மைக்காலத்தில் செய்யப்பட்டவை என்பதை நம் இளைஞர் தெரிந்துகொள்வது நலம்.

வானிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கண், உண்மையில் அடுப்பங்கரையில் பிறந்தது. கல்லின்மேல் காரச் சோடாவைக் குழைத்துக் கோலம் வரைந்து சூடேற்றினால், வரைந்த இடம் வெளுத்து நின்றுவிடும். சிந்துவெளி மக்கள் இக்கலையை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். சிந்து மாநிலத்து ஸேவான் என்னும் ஊரில் முதிய கைவினைஞர் ஒருவர் செடியின் சாற்றைச் சோடாவுடன் கலந்து இவ்வாறு வரைவதை, 1930களில் அகழ்வாய்வாளர் எர்னஸ்ட் மெக்கே நேரிற் கண்டு எழுதினார். நம் தமிழகமும் இதில் பின்தங்கவில்லை. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வாய்வில் சூதுபவளமும் அகேட்டும் பளிங்கும் அறுத்துத் துளையிட்ட பட்டறைத் தடயங்கள் கிடைத்தன. கோலமிட்ட சூதுபவள மணிகளும் அவற்றுள் அடங்கும். பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் அதுவே என்பர். மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டிய அரிக்கமேடோ நெய்வேலியிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவு. அங்கும் மணித்தொழில் செழித்திருந்தது. ஆகவே, இமயத்துக்கு அப்பால் தெய்விகமாகத் தோன்றிய பொருள், நம் ஆற்றங்கரையில் கூலிக்குச் செய்த சரக்கு.

அரபு நாட்டில் இக்கல்லின் நிலை என்ன? வரிகளோடு கூடிய இவ்வகைக் கல்லை அரபிகள் 'ஜஸ்உ' என்றனர். அதே எழுத்துகளை உயிர்க்குறி மாற்றி 'ஜஸஉ' என்று ஓதினால் பதைபதைப்பு, மனக்கலக்கம் என்று பொருள்படும். பெயர் செய்த வேலையோ என்னவோ, ஜஸ்உ அணிந்தவருக்குக் கவலைகள் பெருகும், தீய கனவுகள் வரும் என்று பழைய அரபு மணிநூல்கள் எழுதி வைத்தன. ஒரே கல் லாஸாவில் கவலையைத் தீர்க்கிறது; பக்தாதில் கவலையைத் தருகிறது! நெருப்பு எந்த நாட்டிலும் சுடும். உப்பு எந்த மொழியிலும் கரிக்கும். நாட்டுக்கு நாடு குணம் மாறுமாயின், அக்குணம் கல்லினுடையதன்று, அதனைப் பார்க்கும் மனத்தினுடையது.

நம் தாய்மார்கள் அனைவரும் அறிந்த ஒரு மாலை இந்த ஜஸ்உக் கல்லால் ஆனது. அன்னை ஆயிஷா ஸித்தீக்கா (ரலி) அவர்கள் பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் தொலைத்த மாலை, யமன் நாட்டு ளஃபார் ஊரின் ஜஸ்உ மணிகளால் கோக்கப்பட்டது என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அதனைத் தேடிச் சென்ற வேளையில் ஒட்டகம் புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் அன்னையாரைக் கண்ணியத்துடன் அழைத்து வந்தார்கள். அதன்பின் மதீனாவில் ஒரு மாத காலம் நாவுகள் செய்த கொடுமையை நாம் அறிவோம். கல்லின்மீது பழிசுமத்த இதைவிட ஏற்ற தருணம் உண்டா? கவலை தரும் கல் என்ற பெயரும் இருந்தது, கவலையும் வந்தது. ஆயினும் அந்த நெடிய ஹதீஸில் மாலையைக் குறைகூறும் சொல் ஒன்றேனும் இல்லை. ஸூரத்துந் நூரின் வசனங்கள் இறங்கியபோது அவை குற்றம் சாட்டியது, அவதூறு பேசிய நாவுகளையும் அதனைக் கேட்டு மறுக்காதிருந்த செவிகளையுமே.

மற்றொரு பயணத்தில் மாலை அறுந்து விழ, அதனைத் தேடிப் படை தங்கிற்று. தண்ணீர் இல்லாத இடத்தில் தயம்மும் சட்டம் அருளப்பட்டது. பிறகு ஒட்டகத்தை எழுப்பினால், மாலை அதன் அடியிலேயே கிடந்தது! அப்போது உஸைத் பின் ஹுளைர் (ரலி) அவர்கள் அபூபக்ரின் குடும்பத்தாரால் கிடைத்த பரக்கத் என்று வாழ்த்தினார்களே தவிர, மாலையின் பரக்கத் என்று சொல்லவில்லை. துன்பம் வந்தபோது கல் குற்றவாளியாகவில்லை. சலுகை வந்தபோது கல் வள்ளலுமாகவில்லை. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், நன்மையோ தீமையோ செய்யவியலாத கல்லே நீ என்பதை அறிவேன் என்ற கருத்துப்பட உரைத்ததும், நபிகளார் முத்தமிட்டதனால் மட்டுமே தாமும் அவ்வாறு செய்வதாகக் கூறியதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கவை. கஅபாவின் கல்லுக்கே அளவு அதுவாயின், கடைத்தெருக் கல்லுக்கு என்ன அளவு?

இனிப் பாட்டனாரின் மோதிரம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்தார்கள். அதன் கல் அபிசீனியக் கல் என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றும், வெள்ளியே முகப்பாக அமைந்திருந்தது என்று அவர்களிடமிருந்தே வரும் மற்றோர் அறிவிப்பும் கூறுகின்றன. அபிசீனியக் கல் என்பது ஜஸ்உ அல்லது அகீக்காக இருக்கலாம், அவற்றின் சுரங்கங்கள் அபிசீனியாவிலும் யமனிலும் உள்ளன என்பது விளக்கவுரையாளர் கருத்து. அந்த மோதிரம் பிறந்த காரணமோ காவலன்று. முத்திரையிடாத மடலை உரோமர் படிக்கமாட்டார்கள் என்று அறிந்ததால் செய்யப்பட்ட அரசுமுத்திரை அது. உதுமான் (ரலி) அவர்களின் காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும், நீரை இறைத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதன்பின் மற்றொரு முத்திரை செய்துகொண்டு ஆட்சி நடந்தது.

அகீக் அணிவதன் சிறப்பாக நம் வீடுகளில் சொல்லப்படும் செய்திகள், வறுமை போகும், நன்மை பெருகும் என்பன போன்றவை, ஹதீஸ்கலையில் தேறவில்லை. இமாம் உகைலீ (ரஹ்) அவர்கள் இப்பொருளில் நிலைபெற்ற செய்தி ஒன்றும் இல்லை என்றார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இவற்றைப் புனையப்பட்ட செய்திகளின் தொகுப்பில் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் பேரனிடம் மட்டும் ஆதாரம் கேட்டுவிட்டுப் பாட்டனாரிடம் கேளாமல் இருப்பது நீதியாகாது. அழகுக்காக, அல்லது நபிகளார் மோதிரம் அணிந்தார்கள் என்ற அன்புக்காக அணிந்தால் மோதிரத்துக்கு யாதொரு தடையும் இல்லை. அது தன்னைக் காக்கிறது என்று நம்பி அணிந்தால், பைலகுப்பே மணிக்கும் அதற்கும் இடையே நிறம் ஒன்றுதான் வேறுபாடு. பேரனின் மணியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அதனைக் காவல் என்று சொல்லி விற்றனர். அவரும் காவலுக்கென்றே வாங்கினார். தாயத்துத் தொங்கவிடுவதைக் கண்டிக்கும் நபிமொழி அவரையும் தொடுகிறது. ஆதலின் அதனைக் கழுத்திலிருந்து கழற்றச் சொன்னேன், எறியச் சொல்லவில்லை. பிற சமூகத்தார் போற்றும் பொருளைக் குப்பையில் இடுவது நமக்கு அழகன்று.

சோதித்துப் பார்க்கும் வழியையும் நம் முன்னோர் விட்டுவைக்கவில்லை. மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் தெறித்துவிடும் என்று கற்றோரும் நம்பிய காலத்தில், அல்பிரூனி (ரஹ்) அவர்கள் பாம்பின் கழுத்தில் மரகதமாலையே சூட்டி, ஒன்பது மாதங்கள் வெயிலிலும் குளிரிலும் சோதித்தார்கள். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. மணிகளைப் பற்றித் தாம் இயற்றிய பெருநூலில் இதனை எழுதியும் வைத்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த இளைஞரின் அச்சத்தை நான் பொய் என்று தள்ளவில்லை. 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் மாண்டனர். பணிக்குப் போன மகன் திரும்பும்வரை வாயிலைப் பார்த்திருக்கும் தாய்மார்கள் நிறைந்த ஊர் இது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டுமாறு நபிகளார் அறிவுறுத்தினார்கள். இங்கே கட்டுவது என்பது தலைக்கவசமும் அழுத்தமானியும் பணி நிறுத்தும் அதிகாரமும். மணி அணிந்த நெஞ்சில் துணிவு பெருகி, அதனால் ஒருவன் கயிற்றைத் தளர்த்துவானாயின், அப்போது அம்மணி தீங்கு செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். கல்லின் ஆற்றலால் அன்று, அவன் அதில் வைத்த நம்பிக்கையால்.

இக்கல் உண்மையாகவே தீங்கு செய்யும் இடம் ஒன்று உண்டு. குசராத்தின் கம்பாத் நகரம் பல நூற்றாண்டுகளாக அகீக் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ரத்தன்பூர்ச் சுரங்கங்களின் அருகே அடங்கியிருக்கும் பாவா கோர் என்னும் அபிசீனியப் பெரியாரே இத்தொழிலை வளர்த்தார் என்பது அங்குள்ள மரபு. அரபு நாட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மணிகள் அங்கிருந்து கப்பலேறின. கல்லைச் சக்கரத்தில் தேய்க்கும்போது எழும் நுண்துகள் நெஞ்சில் படிந்து நுரையீரலைத் தழும்பாக்குகிறது. சிலிகோசிஸ் என்னும் அந்நோய்க்குத் தீர்வு தரும் மருந்து இல்லை. அதன்மேல் காசநோயும் எளிதில் தொற்றும். தேய்க்கும் வேலை வீடுகளிலேயே நடப்பதால், சக்கரத்தைத் தொடாத பெண்டு பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் அத்துகளையே சுவாசிக்கின்றனர். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் இதனை ஆராய்ந்து, துகளை உறிஞ்சும் கருவிகளையும் அமைத்துக் காட்டியது. கல்லில் காவல் இருந்திருக்குமாயின், சிறுவயது முதல் நாள் முழுதும் அதனைக் கையில் ஏந்தியவர்க்கன்றோ முதலில் கிடைத்திருக்க வேண்டும்?

மதரஸாவில் மோதிரத்தின் சட்டங்களை ஆடை பற்றிய பாடத்தில் ஓதுகிறோம்: எந்த விரல், எவ்வளவு வெள்ளி, முகப்பு உள்ளே திரும்ப வேண்டுமா வெளியே திரும்ப வேண்டுமா என்பன அதில் வரும். கல் தேய்ப்பவரின் நெஞ்சோ வேறொரு பாடத்துக்குரியது. கூலி, இழப்பீடு பற்றிய பகுதிகளில் தேட வேண்டும். மோதிரம் பற்றித் தீர்ப்புக் கேட்டு இதுவரை என்னிடம் வந்தவர்கள் அனைவரும் முதற்பாடத்திலிருந்தே கேட்டிருக்கின்றனர்.